கசந்ததா?

என்ன சாப்பிட்டார், எப்போது, எவ்வளவு,
எல்லாம் நர்ஸ் எழுதிக்கொண்டாள்.
சுரைக்காய்ச் சாறு.
காலை ஆறரை, வெறும் வயிற்றில்,
பெரிய எவர்சில்வர் டம்ளரில் ஒன்று.
ஏழு மணிக்கு முதல் வாந்தி.
ஏழே காலுக்கு அதில் ரத்தம்.
பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு
ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தையும் சேர்த்து
முப்பத்தைந்து நிமிஷம்.

டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று:
"கசந்ததாம்மா?"

அதற்கு மட்டும் என் வாய் திறக்கவில்லை.

கருணைக்கிழங்கை எனக்குத் தெரியும்.
கருணையெல்லாம் பேரோடு சரி.
அரைவேக்காட்டில் விழுங்கினால்
தொண்டை முழுக்க ஊசி.
கழுநீரில் வேகவிட்டு, புளியைக் கரைத்து ஊற்றி
அதன் காறலை அடக்குவேன்.
மொச்சை ராவெல்லாம் ஊறிய தண்ணீரைக்
கொட்டிவிட்டுத்தான் மண்டிக்கு உலை வைப்பேன்.
மரவள்ளிக்குத் தோல் சீவி, மூடி போடாமல் வேகவிட்டு
தண்ணீரை வடிப்பேன்,
அந்த ஆவியில் முகத்தைக் காட்டமாட்டேன்.
பச்சை பிடித்த உருளைக்கிழங்கைக்
கிலோ அறுபது விற்றாலும் குப்பையில் போடுவேன்.
இந்த விஷங்களுக்கெல்லாம்
என்ன பேரென்று தெரியாது.
முப்பத்தோரு வருஷமாய் முறிக்கத் தெரியும்.

கூட்டுக்கென்று நறுக்கினால்
காம்புப் பக்கம் ஒரு சில்லு கீறி
நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன்.
கை தானாய்ச் செய்யும்.

சாற்றுக்குச் செய்யவில்லை.

சாறு, சாப்பாட்டில் சேர்த்தியில்லையே.
அவுக தங்கச்சி தேனம்மை
மலேசியாவிலிருந்து போனில் அனுப்பிய மருந்து.
நாற்பத்தெட்டு நாளில் சர்க்கரை இறங்கும்,
பத்துப் பேருக்கு அனுப்பவும்,
கீழே இரண்டு கும்பிடு.
நானும் பத்துப் பேருக்கு அனுப்பினேன்.

அன்று பத்தொன்பதாம் நாள்.
ஒரு மடக்குக் குடித்து நிறுத்தி
"கசக்குது உமையாள்" என்றாக.
கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.
திரும்பாமலே சொன்னேன்:
"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்."

என் கையால் கொடுத்த எதையும்
மிச்சம் வைத்துப் பழகாத மனுஷன்.
டம்ளரைக் கழுவியும் வைத்திருந்தாக.

"அவுகளுக்குக் கசந்திருக்கு, டாக்டர்.
நான் வாயில் வச்சுப் பார்க்கலை."
அவள் தலையாட்டினாள்.
திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
"கசந்தா துப்பிடணும்மா.
பாகற்காய் கசக்கலாம். சுரைக்காய் கசக்கக் கூடாது"
என்று சொல்லிவிட்டு
அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

பாட்டிலில் சொட்டு விழ விழ எண்ணினேன்.
இரண்டாம் நாள் பிரஷர் ஏறியது.
மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து
கஞ்சி கேட்டாக. உப்பு கூடப் போடச் சொன்னாக.
தேனம்மைக்கு இன்னும் சொல்லவில்லை.
அந்தப் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டேன்,
ஒவ்வொருவராய்க் கூப்பிட்டு.

மாற்று வேட்டி எடுக்க வீட்டுக்கு வந்தவள்
கொல்லைக் கதவைத் திறந்தேன்.
விதை போடாமல் தானாய் முளைத்த கொடி.
சித்திரை பிறந்து ஒரு தூறல் இல்லை.
கிணறு வற்றுகிறதே என்று
ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஊற்றினேன் அதற்கு.
வெயிலுக்கு ஓட ஆட்டுக்குக் கால் உண்டு, எனக்கும் உண்டு.
வேரூன்றி நிற்பது என்ன செய்யும்?
தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைக்
காய்க்குள் வைத்து மூடியிருக்கிறது.
அதை வாசிக்கத்தான் நாக்கு.
அவுக வாசித்தாக.
நான்தான் வேறு அர்த்தம் சொன்னேன்.

பந்தலில் இன்னும் இரண்டு தொங்குகின்றன,
பளபளவென்று, கீறலில்லாமல்.
அன்றும் இப்படித்தான்.
கொய்யாவில் கடி, பப்பாளியில் கடி,
மாதுளம் பிஞ்சைக்கூட விடவில்லை அணில்.
இதில் மட்டும் ஒரு பல் பதியவில்லையே என்று
எத்தனை சந்தோஷமாய்ப் பறித்தேன்.