டோக்கன் நம்பர் 417

பதினோரு வருஷம்
அகரம்பட்டு மில்லில் நான் நூல் நூற்றதாக
ரிஜிஸ்டர் சொல்கிறது.
அந்தப் பதினோரு வருஷமும்
பெங்களூரில் பேக்கரி அடுப்படியில் இருந்தேன்.

கார்டிங்கில் இருமி இருமிச் செத்த அப்பாவுக்கு ஈடாக
கம்பெனி எனக்குக் கொடுத்த பித்தளை வில்லை,
417.
ஒரு நாளும் மாட்டவில்லை நான்.
மாட்டிக்கொண்டு போனவன் தனகோட்டி.
எண்பத்தாறு ஸ்ட்ரைக்கில்
மேனேஜர் ஜீப்புக்குக் காற்றைப் பிடுங்கிவிட்டவன்.
கேட்டில் ஒட்டிய இருபத்தேழு பெயர்களில்
அவன் பெயர் மூன்றாவது.
மற்றவர்கள் ஆம்பூர், சோளிங்கர் என்று சிதற
அவன் மட்டும் என்னிடம் வந்தான்:
"நீதான் போறியே. உன் பேரைக் குடு."
விலை நூறு ரூபாய். கடன் சொன்னான்.
டைம் கீப்பருக்கு மாசம் ஒரு கோழி.

மில் மூடி இருபத்தைந்து வருஷம் கழித்து
லிக்விடேட்டர் ஆபீஸிலிருந்து தபால்.
பொன்னுரங்கம், த/பெ சின்னக்கண்ணு,
நிலுவை பெற நேரில் வரவும்.

பள்ளிகொண்டாவில் பஸ் ஏறினோம்.
"உன் வேலையைச் சொல்றேன், கேட்டுக்கோ" என்றான்.

ரெட்டியாரின் வேர்க்கடலைக் கொல்லையில் மில் வந்தது.
முதல் மெஷினை ஏற்றி வந்த வண்டி
பாலாற்று மணலில் புதைந்து மூன்று நாள் கிடந்தது.
அதன் நிழலில் ஆடுகள் படுத்தன.
"அது நான் பொறக்கறதுக்கு முந்தி. கேட்டா சொல்லு."
பன்னிரண்டாயிரம் கதிர்.
நாற்பதாம் நம்பர் நூல்.
சிட்டமெல்லாம் குடியாத்தம் லுங்கிக்கு.
இழை அறுந்தால் மூன்று எண்ணுவதற்குள் ஒட்ட வேண்டும்.
"எந்த விரலால?"
"ஆள்காட்டி... இல்ல, இரு."
கண்ணை மூடிக்கொண்டு
முன்சீட்டுக் கம்பியில்
இல்லாத இழையை ஒட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.
ப்ளோரூம் ஜிலானி பாய் செத்தது தொண்ணூற்று மூன்று.
வசூலில் நீ ஐந்து ரூபாய் போட்டாய்.
ரீலிங் நாவம்மாவோடு உனக்குப் பேச்சு கிடையாது.
"ஏன்?"
"அது என் விஷயம்."
தொண்ணூற்றெட்டு, மயானக்கொள்ளைக்கு மறுநாள்
கேட்டில் நோட்டீஸ்.
அரைநைட் ஆட்கள் தூக்குச்சட்டியோடு நின்றோம்.
நின்றாய்.
பிறகு வாட்ச்மேன்கூட இல்லை,
மெஷின் எல்லாம் எடைக்குப் போனது,
இப்போது அங்கே மனைக்கல், கலர் கொடி.

விரிஞ்சிபுரம் தாண்டும்போது
எனக்கே இருமல் வந்தது.

சத்துவாச்சாரியில் அதிகாரி
ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
பேனாவை நீட்டினார். போட்டேன்.
பழைய சம்பளப் பட்டியலை முன்னும் பின்னும் புரட்டினார்.
"இது உங்க கையெழுத்து இல்லையே, பெரியவரே.
மத்தியானம் வாங்க. யோசிச்சுப் போடுங்க."

டீக்கடையில்
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்
என் பெயரை எனக்கு எழுதிக் காட்டினான் தனகோட்டி.
கொம்பு ஒரே சுழி.
'ங' சாய்ந்து படுத்திருந்தது.
"புள்ளி வைக்காத.
மெஷின் ஓடறப்பதான் சம்பள நோட்டு வரும்.
புள்ளி வைக்கிற நேரத்துல
ரெண்டு இழை அறுந்துடும்."
பதினாறு தடவை எழுதினேன்.
பதினேழாவதற்குத் தலையாட்டினான்.

ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.
பேங்க்கில் எடுத்து
மஞ்சள் பையோடு அவனிடம் நீட்டினேன்.
எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணி
ஒரு நூறு ரூபாய்த் தாளை உருவினான்.
"உன் கடன்."
வட்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை.
அவன் பஸ் வேறு, என் பஸ் வேறு.

இப்போதெல்லாம் பேங்க் சீட்டில்
எந்தக் கையெழுத்தைப் போடுவது என்று
பேனாவைப் பிடித்தபடி நிற்கிறேன்.
"புள்ளியெல்லாம் எங்க சார்?" என்கிறாள்
கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண்.
மெஷின் ஓடுதும்மா, என்கிறேன்.
அவள் தன் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்க்கிறாள்.