மண்ணுக்கு ஒரு வயர்

ஆறு பெட்டிகள் முதலில் வந்தன. ஏழாவது
பெங்களூரில் இரண்டு நாள் தூங்கி எழுந்து வந்தது.
மதர்போர்டைப் படுக்கவைத்து
பிராசஸரின் பொன் முக்கோணத்தை
அதன் முக்கோணத்தோடு சேர்த்தேன்.
அழுத்தவில்லை. தானே இறங்கியது.
பட்டாணி அளவு பேஸ்ட் என்றார்கள்.
காய்ந்த பட்டாணியா, ஊறியதா என்று சொல்லவில்லை.

இரவு பதினொன்றே கால். பொத்தான்.
விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது.
திரை மட்டும்
பெண் பார்க்க வந்த இடத்தில்
வாய் திறக்காத மாப்பிள்ளை மாதிரி.

காரைக்குடிக் கடை ஹாஜா மைதீன் போனில் கேட்டார்:
"பீப் வருதா?"
"மூணு."
"அப்ப ராமுதான். கழட்டி மாட்டுங்க.
ரெண்டு பக்கமும் க்ளிக்குனு கேக்கணும்."
முதலில் ஒரு பக்கம்தான் கேட்டிருந்தது.
விலையை நினைத்துப் பயந்தே அழுத்தியிருக்கிறேன்.
கட்டைவிரல் சிவக்க, க்ளிக்.
இன்னொரு க்ளிக்.
கறுப்பில் வெள்ளை எழுத்து.
மணி ஒன்று. யாரை எழுப்பிச் சொல்ல?
கண்டனூரில் இந்த வளவைச் சுற்றிப் பதினோரு வீடு,
பத்துக்குப் பூட்டு.

மறுநாள்தான் கடித்தது.
பெட்டியின் ஓரத்தில் புறங்கை பட்டதும்
எறும்பு இல்லாமல்
ஊர்தல் மட்டும்.
ஸ்பீக்கரில் ஓயாத ம்ம்ம்.
கோயம்புத்தூரில் இன்னும் வானம் தோண்டாத ஒருவர் வீட்டுக்கு
நான் மாடிப்படி வரைந்துகொண்டிருக்கையில்
படியோடு அணைந்துபோனது. நான்கு முறை.

எஸ்.எம்.பி.எஸ். மாற்றினேன்.
விண்டோஸை அழித்து மறுபடி போட்டேன்.
ராமை விடிய விடியச் சோதித்தேன். பிழை: பூஜ்யம்.

எலக்ட்ரீஷியன் சவரிமுத்து கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை.
டெஸ்டரைப் பெட்டியில் வைத்தார், சிவந்தது.
சுவரில் பிளக் பலகையைக் கழற்றி
மூன்றாம் ஓட்டையின் முதுகைக் காட்டினார்.
அங்கே ஒன்றும் இல்லை.
"ஓட்டை மூணு வச்சிருக்காக, வயரு ரெண்டுக்குத்தான்.
மிசினு நல்லாத்தான் இருக்கு ஆச்சி.
வீட்டுக்குத்தான் எர்த்து கிடையாது."

பர்மாவிலிருந்து மரம் வந்த வீடு,
கப்பலில் கண்ணாடி வந்த வீடு.
காலடி மண்ணைத் தொட ஒரு கம்பி வரவில்லை.

கிணற்றடியில் ஆறடிக் குழி, கரி, உப்பு, ஒரு குழாய். அவ்வளவுதான்.
ஆனால் கிணற்றடி பொது.
என் பங்கு ஓர் உள்வீடும்
கிணற்றில் பதினொன்றில் ஒன்றும்.
பங்காளிகள் குரூப்பில் எழுதினேன்.

ஈப்போ: மொத்தம் எவ்வளவு ஆகும்?
சிட்னி: குழி எந்த மூலையில்?
மதுரை: ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்.
அண்ணா நகர்: உண்ணாமலை, பேசாமல் லேப்டாப் வாங்கியிருக்கலாமே.
பினாங்கு: தோண்டும்போது வீடியோ எடுக்கவும்.
(எதற்கு என்று எழுதவில்லை. எல்லோருக்கும் தெரியும்.)
ஒன்பது பேர் ஒருவழியாகச் சரி.
பத்தாமவர் படித்தார்,
நீல டிக்கோடு நின்றுவிட்டார்.

பதினாறு நாள்
ரப்பர் செருப்போடு வேலை பார்த்தேன், வளவுக்குள்ளேயே.
சமையலுக்கு வரும் பாண்டியம்மாள்
என் காலைப் பார்த்துப் பார்த்துக் குழம்பு தாளித்தாள்.

பதினேழாம் நாள் தோண்டச் சொன்னேன்.
நாற்பது நிமிட வீடியோ:
செம்மண், உடைந்த பீங்கான் மூடி ஒன்று,
பிறகும் செம்மண்.
முழுதாக யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

டெஸ்டர் எரியவில்லை.
புறங்கையை வைத்தேன்,
இரும்பு. குளிர்ந்த வெறும் இரும்பு.
மாடிப்படி கடைசிப் படிவரை ஏறி முடிந்தது.

"வெயில் காலத்துல வாரம் ஒரு குடம் ஊத்தணும்,
காஞ்சா விட்டுரும்" என்று போனார் சவரிமுத்து.
ஊற்றுகிறேன்,
செடி எதுவும் இல்லாத இடத்தில்.
"என்ன வச்சிருக்கீக?" என்றாள் பாண்டியம்மாள்.
"கம்ப்யூட்டர்."
சற்று நேரம் மண்ணைப் பார்த்தாள்.
அடுத்த குடத்தை அவளே தூக்கினாள்.