பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே

கணினியில் அந்த இணைப்பை
நானூற்றுப் பதினேழு தடவை உடைத்துவிட்டேன்.
ஒரு சத்தமும் இல்லை.
நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும்,
சிவப்பு வந்ததும் ஒரு கட்டம் அழிந்துபோகும்.
சேதம் அங்கே ஓர் எண்:
பூச்சியம் என்றால் முழுசு,
ஒன்று என்றால் முடிந்தது.

கார்பன் நார்த் தகடு இரண்டு,
ஓரம் ஓரத்தின்மேல் ஏறி,
நடுவில் உருகி உறைந்த பிளாஸ்டிக்.
பசை இல்லை, ஆணி இல்லை.
இழுத்தால் இரண்டு விளிம்பும்தான் சுமக்கும்.
நடுப்பகுதி,
யூலை முதலாம் திகதி மொன்றியலில்
வெளிப்படிக்கட்டால் சோபா ஏற்றும்போது
கை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவன்.

பதினொன்றரை கிலோநியூட்டன் தாங்கும் என்றேன்.

கீழ்த்தளத்தில் ரேஜான் இழுத்தார்.
எட்டில் வெடித்தது.
கணினி ஒரு மணித்தியாலமாய்ப் பிரிப்பதை
ஒரே ஒரு சத்தம்.
அடுத்ததும் எட்டு. அதற்கடுத்ததும்.
"உன் படத்தில் எல்லாம் நல்லாத்தான் இருக்கு"
என்றபடி கையுறையைக் கழற்றினார்.

இரவு பத்தரை.
முறிவு ஆற்றல் என்ற ஓர் எண்ணைக் குறைத்தால்
என் கோடு அவர் கோட்டின்மேல் படுத்துவிடும்.
குறைத்தேன். படுத்தது.
அழகாய் இருந்தது.
அறிக்கைக்கென்று எடுத்தும் வைத்தேன்.

பிறகுதான் உடைந்த துண்டுகளைப் பார்த்தேன்,
மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்து.
நடுவில் பிய்ந்த நார்கள், கன்றிய வெண்மை:
சண்டை நடந்த இடம்.
இரு ஓரத்திலும் இரண்டிரண்டு மில்லிமீட்டர்
கண்ணாடிபோல் வழவழப்பு.
அங்கே எதுவும் உடையவில்லை.
ஒட்டியிருந்தால்தானே உடைய.
சூட்டைக் குளிர்ந்த இரும்புப் பிடி
குடித்துவிட்டிருக்கிறது.

சுமக்க வேண்டிய ஓரம்
ஒருநாளும் சேர்ந்திருக்கவில்லை.
என் கட்டங்களோ
ஒட்டிக்கொண்டே பிறந்தவை.

எண்ணைப் பழையபடி வைத்தேன்.
அந்த ஓரங்களுக்கு மட்டும்,
பளு ஏற்றும் முன்னரே,
சேதம் ஒன்று என்று எழுதினேன்.
எழுதக் கொஞ்சம் கை கூசியது.

எட்டு புள்ளி மூன்று வந்தது.
அந்தப் புள்ளி மூன்று எங்கிருந்தென்று தெரியவில்லை.
அழகான படத்தை அழித்தேன்.

ரேஜானுக்கு ஒரு செய்தி:
நாளைக்கு இரும்புப் பிடியைச் சூடாக்கிப் பார்ப்போமா?
பதில் இல்லை. படுத்திருப்பார்.

கோட்-வெர்து தெருவில் மைனஸ் இருபத்துநாலு.
உப்புத் தூவிய பனி காலடியில் நொறுங்குகிறது,
சத்தத்தோடு.
நூற்றிருபத்தோராம் பேருந்துக்கு
இன்னும் பதினாலு நிமிடம்.