மிரேயாவின் மருந்து, வியாழன்

புன்டா அரினாஸில் ஜனவரிக் காற்றுக்கு
ஆளைத் தூக்கும் ஆசை உண்டு.
தெருமுனையில் கட்டிவைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டே
பதிவு அலுவலகம் வந்து சேர்ந்தேன்.
இரவு பத்தரை. ஜலசந்தியின் மேல்
இன்னும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி.

உள்ளே அறுபத்து மூன்று புதுக் கணினிகள்.
பிறந்தவர், மணந்தவர், இறந்தவர் என
ஊருக்கே பெயர் எழுதித் தரும் மேசைகளில்
தமக்கொரு பெயரில்லாமல் உட்கார்ந்திருந்தன.

மாதிரிக்கு ஒயார்சோவின் கணினியை எடுத்தேன்.
அவர் மாற்றலாகி போர்வெனிர் போய்விட்டார்,
படகில் இரண்டு மணி நேரம்.
இங்குள்ள பிரின்டர்களோடு அவர் செய்துகொண்ட சமாதானம்
வேறு எந்தக் கணினிக்கும் வாய்க்கவில்லை.

நகலெடுக்கும் முன் அதை மறக்கவைக்க வேண்டும்.
பெயர்?
தெரியாது.
அடையாள எண்?
இருந்தது, இப்போது இல்லை.
யாருக்கு உழைத்தாய்?
பதில் சொல்லாமல் அணைந்துகொண்டது.
அந்த மௌனத்தை அப்படியே அள்ளிக் கோப்பாக்கினேன்,
பதினெட்டு ஜிபி.

சர்வர் ஒரே ஒரு முறைதான் பேசும்.
காதுள்ள கணினிகள் எல்லாம் ஒன்றாய்க் கேட்டுக்கொள்ளும்.
நாற்பத்தொன்றாவது மட்டும் தாமதமாக விழித்தது,
நடுவில் நுழைந்தது,
தவறவிட்ட முதல் அத்தியாயத்தைக் கடைசியில்
தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.
நான் தெர்மாஸிலிருந்து ஊற்றிய மாத்தே
இரண்டாம் வாயிலேயே ஆறிவிட்டது.

ஒவ்வொன்றின் உள்ளும் இப்போது ஒரு தாய் டிஸ்க்.
டிஸ்க் என்று பெயரே தவிர அதுவும் ஒரு கோப்புதான்,
தொட்டால் தட்டுப்படாது.
அதன் மேல் மெல்லியதாய் ஒரு பிள்ளை டிஸ்க்.
தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு:
பகலெல்லாம் எழுதுவது பிள்ளையில் மட்டும்.
மாலை ஆறரைக்குப் பிள்ளையை அழித்துவிட்டு
வெற்றுப் பிள்ளை ஒன்றை வைப்போம்.
தாயில் ஓரெழுத்து மாறினாலும்
பிள்ளை அதன் முகம் பார்க்காது.

திங்கள் காலை எட்டே காலுக்குத் தொலைபேசி.
மேற்பார்வையாளர் ஸ்லாவ்கா.
"யாரம்மா இந்த மிரேயா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன்.
அறுபத்து மூன்று திரைகளிலும்,
எல்லோருக்கும் பொதுவான இடத்தில்,
ஒயார்சோவின் குறிப்பு:
மிரேயாவின் மருந்து. வியாழன். மறக்காதே.

தன் பெயரை மறந்த கணினி
இதை மறக்கவில்லை.
அழித்தார்கள். மறுநாள் காலை வந்து நின்றது.
மறுபடி அழித்தார்கள்.
புதனன்று பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவர்கூட
திரையை எட்டிப் பார்த்துவிட்டு
நாளைக்கு வியாழன் என்று ஞாபகப்படுத்தினாராம்.

போர்வெனிருக்குப் போன் போட்டேன்.
"மருந்தா? அட, அது போன வருஷம்.
மிரேயா என் பூனை.
இப்போது மூன்று வேளையும் தின்கிறாள்."

வெள்ளி இரவு மீண்டும் காற்று, கயிறு, தெர்மாஸ்.
குறிப்பை நீக்கிப் புது இமேஜ்.
அறுபத்து இரண்டில் இறக்கினேன்.

ஏழாம் ஜன்னல் ஒட்டிலியாவுடையது.
இறப்புப் பதிவு.
மாலையில் கோட்டு மாட்டிக்கொண்டே சொல்லியிருந்தார்:
"என்னுடையதைத் தொடாதே.
நாள் முழுக்கத் தேதி எழுதுகிறேன்,
எல்லாம் முடிந்துபோன தேதி.
இது ஒன்றுதான் வரப்போகிற தேதி."

பூனை என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

கணக்குப் புத்தகத்தில் ஏழாம் எண்ணுக்கு எதிரே
"பழைய தாய், பிறகு பார்க்கலாம்"
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
வெளியே கயிறு
யாரும் பிடிக்காமலே ஆடிக்கொண்டிருந்தது.