வலது ஓரம்

ராத்திரி தானாகவே புதுசாகியிருந்தது பிரவுசர்.
மெனு பட்டையைக் காணோம்.
அச்சிடு, மூன்று புள்ளிக்குள்ளே எங்கோ.
வாரிசுச் சான்றுக்கு நிற்கிற
பேரணாம்பட்டு நசீம்பானு
"கரண்ட்டு இருக்குல்லம்மா?" என்கிறார்.

குடியாத்தத்தில் பத்து மணிக்கே
சிபியூ மேல் கை வைக்க முடியாது.

'தனிப்பயனாக்கு' அழுத்தினேன்.
பொத்தான்கள் எல்லாம் பிடி தளர்ந்து நின்றன,
எங்கே வைத்தாலும் சரி என்பதுபோல.

அச்சிடுவை இடது மூலைக்கு இழுத்துப்போன கை
பாதியில் நின்றது.
அது ஜெயவேலு வைத்த இடம்.
இடதுகைக்காரன்.
ஓசூருக்குப் போய் மூன்று வருஷம்.
இத்தனை நாளும்
அவன் பழக்கத்துக்கு
என் கையை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வலது ஓரத்தில் விட்டேன்.
'முடிந்தது.'

நசீம்பானுவின் தாள் சூடாக வந்தது.
வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்தார்.

அடுத்த ஆளுக்கு
மறுபடி இடது மூலைக்கே போனது சுட்டி.