இருபத்தைந்து பாகையில்

தகட்டின் முதுகில் ஒட்டியிருக்கிறது:
முந்நூற்று முப்பது வாற்.
அதன் கீழே எறும்பெழுத்தில்,
இருபத்தைந்து பாகையில் சோதித்தது.

விசுவமடுவில் இருபத்தைந்து பாகை
மார்கழி விடியப்புறம்தான் வரும்.
அந்நேரம் வெயில் வராது.

சித்திரை. பகல் பன்னிரண்டு பத்து.
என் நிழல் என் செருப்புக்குள் ஒளிந்துவிட்டது.
தகட்டைத் தொட்ட விரல்
தானாக வாய்க்குள் போகிறது.
கொன்ட்ரோலர் பெட்டியின் சின்னக் கண்ணாடியில்
251.

"இந்த எறிப்புக்குக் கரண்ட் கூடவெல்லோ வேணும்?"
வேலிக்கு அங்கால் நின்று தயாநிதியண்ணை.
இல்லையண்ணை,
சூடு ஏறினால் இதுவும் எங்களைப் போலதான்,
மத்தியானத்தில் முதுகு வளையாது.

கொப்பியில் பதிகிறேன். மேலே பழைய கணக்கு:
வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கிய நாள், 209.
இரண்டு வாளி தண்ணியால் கழுவிய பிறகு, 262.
மயில் குந்திய காலை, 171.
எச்சம் ஒரு குத்திக்காசளவுதான்.
மூன்றரைக்கு ஒரு பனையின் நிழல்
குறுக்கே விழ
பம்பு இருமி இருமி நின்றது.
அது தயாநிதியண்ணையின் பனை.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவர் கண்ணாடியைப் பார்த்தார், பனையைப் பார்த்தார்,
"நுங்கு கிடக்கு, வெட்டித் தாறன்" என்றார்.

பத்தாம் திகதி லீசிங் பொடியன் வருவான்.
சுதர்மன். நல்ல பிள்ளை,
ஹெல்மெற்றைக் கழற்றாமல் கதைப்பான்.
கட்டுக்காசு போட்டிருப்பது முந்நூற்று முப்பதுக்கு.
ஒருமுறை கொப்பியை விரித்துக் காட்டினேன்.
விரலால் வரிவரியாகப் பார்த்தான், பாவம்.
"அக்கா, இதை எந்தக் கட்டத்தில நிரப்புறது?"

அவனுக்குக் காட்டாத பக்கம் ஒன்றிருக்கிறது.

போன ஐப்பசி. மூன்று நாள் மழை விட்ட கையோடு
இரணைமடுப் பக்கமாக முகில் கிழிந்தது.
தோட்டம் சேறாய்க் கிடக்க
யாருக்கு வேண்டும் தண்ணி?
ஆனாலும் சுவிச்சைப் போட்டேன்.
கிணற்றுத் தண்ணியைக் கிணற்றுக்கே விட்டேன்.
கழுவுண்ட தகடு, குளிர்ந்த தகடு.
முகிலின் விளிம்பு வெள்ளையாய்ப் பற்றி எரிய
290
318
341.

கத்திக் கூப்பிட்டேன்.
தயாநிதியண்ணை சாரத்தை மடித்துக்கொண்டு
சேற்றுக்குள்ளால் ஓடிவர
முகில் மூடி, 96.
"என்ன பிள்ளை, பாம்போ?"

பதினொரு வினாடி. எண்ணினேன்.
ஒட்டியிருந்த இலக்கத்தையும் தாண்டி
பதினொரு வினாடி.

சிவப்புப் பேனையால்தான் எழுதி வைத்திருக்கிறேன்.
பத்தாம் திகதிகளில் அந்தப் பக்கத்தை
முன்பக்கத்தோடு சேர்த்துக்
கிளிப் போட்டுவிடுவேன்.