ஒரு தேக்கரண்டி எண்ணெய்

நாற்பதாவது உதையில் செருப்பு கழன்று
சம்ப் மூடிமேல் போய் விழுந்தது.
வண்டி ஒருதரம் இருமியது. அவ்வளவுதான்.

லிங்கராஜபுரம், ஐந்தாவது கிராஸ்.
தண்ணீர் மோட்டாருக்கும் மூன்று ஸ்கூட்டருக்கும் நடுவே
வாடகையோடு எனக்கு வந்த ஆறடி சிமெண்ட்.
தள்ளினால் பிடிக்கிறது:
பேக்கரி முனையிலிருந்து சர்ச் வரை சரிவு,
செகண்ட் கியரில் கிளட்சை விட்டால்
நீலப்புகையோடு அலறி எழுந்துவிடும்.
நிற்கவைத்து உதைத்தால்தான்
கடன் கேட்கப் போன வீட்டைப்போல
உள்ளே ஆளிருந்தும் பதிலில்லை.

பிளக் மாற்றினேன். பொறி நல்ல நீலம்.
கார்புரேட்டரைப் பிரித்து
ஜெட்டின் துளைவழியே டியூப்லைட்டைப் பார்த்தேன்.
பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதிதாய்க் கலந்தேன்.
இஸ்திரிக்காரர் தினமும் போகிறபோக்கில் சொல்வார்:
"வால்வு போயிருக்கும் மேடம்."
அவர் சொல்லும் வால்வு இந்த எஞ்சினில் கிடையாது.
சொல்ல மனம் வரவில்லை.
துணி வேறு அவரிடம் இருந்தது.

எனக்கு நோய் முன்னமே தெரியும்.
நோயின் பெயர் நிங்கராஜ்.
தொட்டபள்ளாபுரத்துக்காரன்.
எண்பத்தைந்தாயிரத்தை எச்சில் தொட்டு எண்ணிவிட்டு
"ஒள்ளே கண்டிஷன்" என்று டாங்கைத் தட்டியவன்.
தேய்ந்ததை என் தலையில் கட்டிவிட்டான்.
ஒவ்வோர் உதைக்கும் ஒரு வசவு,
தமிழில் தீர்ந்தால் கன்னடத்தில்.
போன வாரம் வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பினேன்,
ஒரு நிமிடம் பதினொரு விநாடி.

கிளமெண்ட் கேஜ் கொடுத்தான்,
திருப்பித் தரும் தேதியையும் சொல்லி.
பிளக் துளையில் அதைத் திருகி,
த்ராட்டிலை முழுக்கத் திறந்துவைத்து
ஏழு உதை.
முள் எண்பதில் நின்றது.
நூற்றறுபதாவது இருக்கவேண்டும்.
கேஜ்மேல் சந்தேகப்பட்டுப்
பக்கத்து வீட்டு ஆர்எக்ஸில் மாட்டினேன்.
அதன் வயதுக்கு அது நன்றாகவே மூச்சுவிட்டது.

பிறகு ஒரு தேக்கரண்டி டூ-டி எண்ணெய்.
(சர்க்கரை டப்பாவின் கரண்டி. இனி அது இங்கேதான்.)
துளைவழியே விட்டு, மெல்லச் சுழற்றி,
மறுபடி ஏழு உதை.
நூற்று நாற்பது!
எண்ணெய் போய் அடைத்த இடம்தான்
காற்று ஒழுகிய இடம்.
ரிங்.

ஹெட்டைக் கழற்றினேன், சிலிண்டரை உருவினேன்.
ரிங்கைத் தனியே உள்ளே தள்ளி
அதன் இரு முனைக்கும் நடுவே ஃபீலர் தகட்டைச் செருகினேன்.
புள்ளி நான்கு இருந்தால் நல்லது.
ஒன்று புள்ளி இரண்டு
உரசாமல் போய்வந்தது.
சபாஷ், நிங்கராஜ்.
போட்டோ எடுத்து அனுப்பலாமென்று
பிஸ்டனை விளக்குப் பக்கம் திருப்பினேன்.

கீறல்கள்.
பெட்ரோல் நுழைகிற பக்கம் மட்டும்,
மயிரிழையாய், மேலும் கீழுமாய், நூற்றுக்கணக்கில்.
வந்த வழியே விரலை விட்டுப் பின்னே போனேன்:
கார்புரேட்டர் வாயில் சிவப்பு மாவு.
ரப்பர் குழாயில் சிவப்பு மாவு.
ஏர்பாக்ஸில் ஃபில்டர் பஞ்சு,
தொட்டால் பிசுபிசுக்கவேண்டியது,
பிஸ்கட்போலக் காய்ந்திருந்தது.

ஜனவரி. ஹென்னூர் தாண்டி வற்றிய ஏரிப்படுகை.
நாள் முழுக்கச் செம்மண்ணில் ஓட்டிவிட்டு வந்து
அந்தப் பஞ்சைச் சோப்புத்தூளில் அலசி
சாக்ஸோடு கொடியில் உலர்த்தி
சுத்தமாய்த் திருப்பி வைத்தேன்.
சுத்தமாய்.
எண்ணெய் தடவவில்லை.
ஃபில்டர் எண்ணெய் பாட்டில் பரண்மேல் இருக்கிறது,
சீல் உடையாமல்.
வண்டியோடு சும்மா கொடுத்தது, நிங்கராஜ்.
வாங்கிய அன்று இரண்டாம் உதையிலேயே பிடித்தது.
அந்த ஒரு நிமிடம் பதினொரு விநாடியில்
இதற்கு இடம் இல்லாமல் போயிருந்தது.

மணி ஒன்பதே முக்கால்.
கை துடைக்காமல் போன் செய்தேன்.
மன்னிப்பு என்கிற சொல்லைக் கன்னடத்தில்
முழுசாய்க் கோர்த்து முடிப்பதற்குள்
அவன் முந்திக்கொண்டான்:
"ஸ்டார்ட் ஆய்தா மேடம்?"

சிலிண்டர் என் மடியில் இருந்தது.
"இன்னா இல்லா" என்றேன்.